கார்த்திகையின் படமும் நட்சத்திரக் குமாஸ்தாக்களும்

போன வருடம் கார்த்திகை தீபம் முடிந்து பத்து நாள் இருக்கும். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பையன், என்ஜினீயரிங் படிக்கிறவன், காலையில் வீட்டுக்கு வந்தான். "தாத்தா, இதைப் பாருங்க" என்று செல்போனை நீட்டினான். கறுப்பு வானத்தில் ஏழெட்டு நட்சத்திரங்கள் வைரம்போல் மின்னின. அவற்றைச் சுற்றி இழுத்துவிட்ட பஞ்சு மாதிரி நீலநிறப் புகை.

"என்னப்பா இது?"

"நம்ம கார்த்திகைதான் தாத்தா. ராத்திரி கம்மாய்க்கரையில வச்சு எடுத்தேன்."

எனக்கு வயது எழுபதுக்கு மேல். பிறந்ததிலிருந்து கார்த்திகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பரமக்குடிக்கு வந்த புதிதில், கோடையில் வைகை மணலில் துண்டை விரித்துப் படுத்து மணிக்கணக்காக வானத்தைப் பார்த்ததுண்டு. அங்கே நீலப் புகை இருப்பதாக எனக்குத் தெரியவே தெரியாது. கம்ப்யூட்டரில் பூசிய சாயமோ என்று சந்தேகம் வந்தது. கேட்டும் விட்டேன். பையனுக்குக் கொஞ்சம் வருத்தம். "இல்ல தாத்தா, அது நிஜமாவே இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத்தான் தெரியும்" என்றான்.

அவன் போன பிறகு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளப் படிக்க ஆரம்பித்தேன். சிறு வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். அந்தப் படிப்பு ஆபீஸ் வாழ்க்கையில் எதற்கும் உதவவில்லை. இந்த விஷயத்தில் உதவியது. ஏனென்றால் இந்தக் கதை பாரிஸில் தொடங்கி, ஹைதராபாத் வழியாக நம் ஜவ்வாது மலைக்கு வருகிறது. நடுவில் என்னைப் போன்ற குமாஸ்தாக்களும் வருகிறார்கள்.

கார்த்திகைக்குப் பழந்தமிழில் அறுமீன் என்றும் ஆரல் என்றும் பெயர். நிகண்டுகளில் அளகு என்ற பெயரும் உண்டு. அளகு என்றால் பெட்டைக்கோழி. பிரான்சின் கிராமத்து மக்களும் இதே கூட்டத்தைக் குஞ்சுகளோடு இருக்கும் கோழி என்ற பொருளில் 'பூசினியேர்' என்றுதான் சொல்வார்கள். எங்கேயோ இருக்கிற இரண்டு நாட்டுச் சம்சாரிகளுக்கு ஒரே கோழி தோன்றியிருக்கிறது!

சாதாரணக் கண்ணுக்கு ஆறு நட்சத்திரம் தெரியும். பார்வை கூர்மையானவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாகத் தெரியும். இதில் ஒரு வேடிக்கை. தீபத்தன்று முழுநிலா கார்த்திகைக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆகவே நாம் கார்த்திகைக்கு விளக்கு வைக்கிற அன்றுதான் நிலா வெளிச்சத்தில் அது மங்கித் தெரியும். பையன் பத்து நாள் காத்திருந்த காரணம் இதுதான்.

1859இல் வெனிஸ் நகரில் வில்ஹெல்ம் டெம்பெல் என்பவர், நாலு அங்குலத் தொலைநோக்கியில் கார்த்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கல்லச்சுத் தொழிலாளி. வானத்தைப் பார்ப்பது அவருக்கு ஆசை. மெரோப் என்ற நட்சத்திரத்தின் அருகில், கண்ணாடியில் மூச்சுவிட்டால் படிகிற ஆவிபோல ஒரு கறை தெரிந்தது. வெளியே சொன்னார். சிலர் தங்களுக்கும் தெரிகிறது என்றார்கள். அவரைவிடப் பெரிய தொலைநோக்கி வைத்திருந்த சிலரோ, அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். இந்தச் சர்ச்சை இருபத்தைந்து வருடம் நடந்தது. ஒருவர் கண்ணால் கண்டதற்கு இன்னொருவர் கண்தானே சாட்சி? அந்தக் கண் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் யார் என்ன செய்வது?

சர்ச்சையைத் தீர்த்தது புகைப்படம். பாரிஸ் வானாய்வகத்தில் பால் ஆன்ரி, ப்ரோஸ்பேர் ஆன்ரி என்று இரண்டு சகோதரர்கள். நான்சி ஊர்க்காரர்கள். பெரிய படிப்பு இல்லை. லென்ஸ் தேய்ப்பதில் கெட்டிக்காரர்கள். சூரியன் போகும் பாதையை ஒட்டியுள்ள நட்சத்திரங்களைக் கண்ணால் பார்த்துக் கையால் வரைபடத்தில் குறிப்பது அவர்கள் வேலை. 1884 வாக்கில் அந்தப் பாதை பால்வீதியைக் கடக்கும் இடத்துக்கு வந்தார்கள். அங்கே நட்சத்திரங்கள் அரிசியைக் கொட்டினாற்போல் கிடந்தன. கையால் குறித்து மாளாது. சரி, புகைப்படம் எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்து, அதற்கென்றே 33 செ.மீ. லென்ஸ் ஒன்றைத் தாங்களே தேய்த்துச் செய்தார்கள்.

1885 நவம்பர் 16 அன்று அந்தக் கருவியைக் கார்த்திகையின் பக்கம் திருப்பினார்கள். மூன்று மணி நேரம் தட்டைத் திறந்து வைத்தார்கள். கழுவிப் பார்த்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள். அதோடு மாயா என்ற நட்சத்திரத்தைச் சுற்றி, அதுவரை எவர் கண்ணுக்கும் தெரியாத ஒரு புகைச்சுருள். அடுத்த சில மாதங்களில் ரஷ்யாவில் புல்கோவா வானாய்வகத்தின் புதிய 30 அங்குலத் தொலைநோக்கியில் பார்த்தார்கள். இருக்கிறது என்று தெரிந்த பிறகு அது கண்ணுக்கும் தெரிந்தது. பின்னர் எடுத்த படங்களில் கார்த்திகைக் கூட்டம் முழுவதுமே புகை சூழ்ந்திருப்பது விளங்கியது. டெம்பெல் பொய் சொல்லவில்லை.

நெபுலாவைப் படம் எடுத்ததில் இதுதான் முதல் என்று சொல்ல முடியாது. 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர், ஓரையன் நெபுலாவை 51 நிமிடம் திறந்துவைத்துப் படம் பிடித்தார். நம் மிருகசீரிடம், திருவாதிரைக்குப் பக்கத்தில் இருப்பது அது. ஆனால் அதை ஏற்கனவே எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஆன்ரி சகோதரர்கள் எடுத்தது கண்ணே காணாத ஒன்று. அதுதான் வித்தியாசம்.

புகைப்படத் தட்டுக்கு மட்டும் ஏன் தெரிகிறது? கண் ஒளியைச் சேர்த்து வைக்காது. ஒரு நொடியில் சிறு பங்கு நேரத்துக்குக் கிடைத்ததைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். தட்டு அப்படியல்ல. மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக விழும் ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். குழாயில் ஒழுகும் தண்ணீரை ராத்திரி முழுக்கக் குடத்தில் பிடிப்பது மாதிரி.

ஆனால் குடம் அசையக்கூடாது. பூமி சுற்றுவதால் நட்சத்திரம் மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கும். தொலைநோக்கியும் கூடவே திரும்ப வேண்டும். அந்தக் காலத்தில் எடைக்கல் கட்டிய கடிகார யந்திரம் அதைத் திருப்பும். அது கொஞ்சம் முன்னே பின்னே போகும். அதனால் படக்குழாயோடு சேர்த்துக் கட்டிய இன்னொரு குழாயில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரத்தைக் குறுக்கு இழையில் பிடித்துக்கொண்டு, அது விலகும்போதெல்லாம் திருகைத் திருப்பிச் சரி செய்துகொண்டே ஒரு ஆள் இருக்க வேண்டும். பாரிஸ் நவம்பர் குளிரில் மூன்று மணி நேரம்! தும்மினால்கூடப் படம் போச்சு.

நம் தெருப் பையனுக்குச் சின்ன மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. அவன் ஒவ்வொரு நிமிடமாகத் தொண்ணூறு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினானாம். கூட்டினால் ஒன்றரை மணி நேரம். கருவிதான் வேறு, காத்திருக்கும் வேலை அதேதான்.

அந்தப் புகை என்ன என்பதற்கும் புகைப்படத் தட்டுதான் பதில் சொன்னது. 1912 டிசம்பரில் அமெரிக்காவின் லோவல் வானாய்வகத்தில் ஸ்லைபர் என்பவர், மெரோப் அருகேயுள்ள புகையின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துத் தட்டில் பதித்தார். ஒரே தட்டு, பல இரவுகளில் மொத்தம் 21 மணி நேரம். புகையின் ஒளியும் நட்சத்திரத்தின் ஒளியும் ஒன்றாகவே இருந்தன. அதாவது, புகைக்குச் சொந்த ஒளி இல்லை. நட்சத்திர ஒளியில் தெரிகிற தூசி அது. பஸ் விளக்கில் செம்மண் ரோட்டுப் புழுதி தெரியுமே, அது மாதிரி. இந்தத் தூசி கார்த்திகை பிறந்தபோது மிஞ்சியது இல்லை. போகிற வழியில் எதிர்ப்பட்ட வேறொரு மேகம் என்கிறார்கள். கார்த்திகையின் தூரம் சுமார் 440 ஒளியாண்டு. பையன் படத்தில் விழுந்த ஒளி, மதுரையில் நாயக்கர்கள் ஆண்ட காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது.

இனி குமாஸ்தாக்கள் கதைக்கு வருகிறேன்.

ஆன்ரி சகோதரர்களின் படங்களைப் பார்த்த பாரிஸ் வானாய்வக இயக்குநர் அட்மிரல் மூஷே பெரிய திட்டம் ஒன்று போட்டார். வானம் முழுவதையும் ஏன் படம் எடுத்துவிடக்கூடாது? 1887 ஏப்ரலில் பாரிஸில் மாநாடு கூடியது. பல நாட்டு வானியலாளர்கள் ஐம்பது பேருக்கு மேல் வந்தார்கள். திட்டத்துக்குப் பெயர் 'கார்த் து சியேல்'. வானத்தின் வரைபடம் என்று பொருள். பிரெஞ்சில் 'கார்த்' என்றால் வரைபடம். ஓட்டலில் கொடுக்கிற பலகாரப் பட்டியலுக்கும் அதே சொல்தான்.

தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவனுக்கு இந்தத் திட்டம் உடனே புரியும். நிலத்துக்கு எஃப்.எம்.பி. படம் போடுகிறோமே, அதுபோல வானத்துக்கு. வானத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து 18 வானாய்வகங்களுக்குப் பங்கு போட்டார்கள். ஒவ்வொரு தட்டும் வானத்தில் இரண்டு பாகை அகலம், இரண்டு பாகை உயரம். தட்டில் ஒரு மில்லிமீட்டர் என்பது வானத்தில் ஒரு கலை. ஒவ்வொரு தட்டிலும் 5 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளை முன்கூட்டியே பதித்துவிடுவார்கள். நம் ஊர் நெசவாளர்கள் சேலை பார்டருக்குக் கிராப் தாளில் டிசைன் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தில் எந்தப் புள்ளி என்று எண்ணிவிடலாம்.

வரைபடத் தட்டுகளில் இன்னொரு யுக்தியும் செய்தார்கள். ஒரே தட்டில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இம்மியளவு நகர்த்திப் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு நட்சத்திரமும் குட்டி முக்கோணமாக விழும். ஒற்றைப் புள்ளியாக இருந்தால் அது தூசி, நட்சத்திரம் இல்லை. போலிப் பதிவைக் கண்டுபிடிக்க எவ்வளவு எளிய வழி!

கார்த்திகை பாரிஸின் பங்கிலேயே வந்தது. தென்வானில் ஒரு பட்டை, சிலி நாட்டின் சாந்தியாகோவுக்கு ஒதுக்கியது, நடக்காமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டது நம் ஹைதராபாத்.

அங்கே நிஜாமின் பிரபுக்களில் ஒருவரான நவாப் ஜாஃபர் ஜங், இங்கிலாந்திலிருந்து தொலைநோக்கி வாங்கிவந்து, 1901இல் சொந்தமாக வானாய்வகம் தொடங்கினார். 1907இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு நிஜாம் அரசு அதை ஏற்று நடத்தியது. நிஜாமியா வானாய்வகம் என்று பெயர். அங்கிருந்த 8 அங்குலப் புகைப்படத் தொலைநோக்கியில் இந்த வேலை நடந்தது. முதலில் சாட்வுட், பிறகு போகாக் என்ற ஆங்கிலேயர்கள் தலைமை. 1918இல் போகாக் இறந்தபின் டி.பி. பாஸ்கரன் பொறுப்பேற்றுப் பல ஆண்டுகள் நடத்தினார். நம் பஞ்சாங்கத்து அனுஷ நட்சத்திரம் ஹைதராபாத் பங்கில் வருகிறது. தனுசு ராசியில் ட்ரிஃபிட் நெபுலாவும் அதன் பக்கத்திலேயே எம் 21 என்ற நட்சத்திரக் கூட்டமும் அதே பங்குதான். பின்னர் ஜெர்மனியின் போட்ஸ்டாம் முடிக்காமல் விட்ட வடவானப் பட்டையில் ஒரு பகுதியையும் ஹைதராபாத் செய்து கொடுத்தது. மொத்தம் ஏழரை லட்சத்துக்கு மேல் நட்சத்திரங்கள்.

படம் எடுப்பது ராத்திரி வேலை. அளப்பது பகல் வேலை. தட்டை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து, ஒவ்வொரு புள்ளியும் இடக்கோட்டிலிருந்து எவ்வளவு, கீழ்க்கோட்டிலிருந்து எவ்வளவு என்று அளந்து பேரேட்டில் எழுத வேண்டும். பல இடங்களில் தட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இரண்டாம் முறையும் அளந்தார்கள். கை ஒரு பக்கமாகச் சாய்கிற பழக்கம் இருந்தால் கழிந்துவிடுமாம். பாரிஸில் இதற்கென்று பெண்கள் அடங்கிய அலுவலகம். தலைமை டோரத்தியா குளும்ப்கே என்ற பெண்மணி. வாடிகன் பங்கை அளந்தவர்களில் நாலு கன்னியாஸ்திரிகள் முக்கியமானவர்கள். அவர்கள் மட்டும் 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் நட்சத்திரங்களை அளந்தார்கள். உலகம் முழுக்க இப்படி எத்தனையோ பேர், வாழ்நாளெல்லாம் எண்களை எழுதி, ஓய்வு பெற்று, போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

பத்துப் பதினைந்து வருடத்தில் முடியும் என்று நினைத்த வேலை எழுபது, எண்பது வருடம் இழுத்தது. வரைபடப் பகுதி கடைசிவரை முடியவே இல்லை. நட்சத்திரப் பட்டியல் மட்டும் முடிந்தது. 1970இல் சர்வதேச வானியல் ஒன்றியம் இதற்கான குழுவைக் கலைத்தது. பிரான்சின் வானியலே இந்த வேலையில் மாட்டிக்கொண்டு பின்தங்கியது என்று பலர் குறைபட்டார்கள். ஓடாத வேலை, எவரும் புரட்டாத பேரேடு. அரசாங்க வேலை பார்த்த எவருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1989இல் ஐரோப்பியர்கள் ஹிப்பார்கஸ் என்ற செயற்கைக்கோளை அனுப்பி நட்சத்திரங்களின் இடத்தை மிக நுட்பமாக அளந்தார்கள். இன்று எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எந்தத் திசையில், என்ன வேகத்தில் நகர்கிறது என்று தெரிய வேண்டுமானால் நெடுங்காலம் முன்பு எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். அதை எந்தச் செயற்கைக்கோளும் திரும்பிப் போய் அளக்க முடியாது. அப்போதுதான் பழைய பேரேடுகளின் ஞாபகம் வந்தது. எல்லாத் தொகுதிகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். 46 லட்சம் நட்சத்திரங்கள். பழைய இடத்தையும் புதிய இடத்தையும் ஒப்பிட்டு, 2000ஆம் ஆண்டில் 'டைக்கோ-2' என்ற பட்டியலை வெளியிட்டார்கள். 25 லட்சம் நட்சத்திரங்களின் நகர்வு அதில் இருக்கிறது. ஹைதராபாத்தில் எழுதிய எண்களும் அதற்குள் இருக்கின்றன.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு நட்சத்திரம் கார்த்திகைக் கூட்டத்தைச் சேர்ந்ததா, அல்லது அதே திசையில் முன்னாலோ பின்னாலோ நிற்கும் அந்நியனா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கூட்டத்தோடு சேர்ந்து ஒரே திசையில் ஒரே வேகத்தில் நகர்ந்தால் அது உறவு. தனி வழியில் போனால் வேறு வீடு. ரேஷன் கார்டில் யார் பெயரைச் சேர்ப்பது என்று விசாரிப்பது மாதிரிதான்! அந்த விசாரணைக்குப் பழைய ஆவணம் வேண்டும்.

இந்தக் கதையின் கடைசிக் கண்ணி நம் தமிழ்நாட்டில். நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர்களில் ஒருவர் பாப்பு. கேரளத்துக்காரர். அவர் மகன் வைணு பாப்பு, 1927இல் சென்னையில் பிறந்தவர், அந்தத் தொலைநோக்கிகளுக்கு நடுவே வளர்ந்தார். ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டு போனார். 1949இல் அங்கே வழக்கமாக எடுத்த ஒரு புகைப்படத் தட்டைப் பார்க்கும்போது புதிய வால்மீனைக் கண்டுபிடித்தார். அது பாப்பு–பாக்–நியூகர்க் என்று அவர் பெயரில் இருக்கிறது. 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்துக்குத் தலைவரானார். சூரியனுக்குக் கொடைக்கானல் சரி. நட்சத்திரத்துக்கு வேறு இடம் வேண்டும் என்று தேடி, ஜவ்வாது மலையில் சந்தனக்காட்டு நடுவே காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி, 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி. அதன்பின் நம் நாட்டிலேயே செய்த 2.3 மீட்டர் தொலைநோக்கி. அதைப் பார்க்க அவர் இல்லை. 1982இல் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு அவர் பெயரையே சூட்டினார். 1988இல் காவலூரில் எடுத்த படத்தட்டில்தான் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ராமானுஜன் என்று பெயர்.

இப்போது என் சொந்த விஷயம் ஒன்று. நான் வேலை பார்த்த ஓர் ஆபீஸில், பெயர் வேண்டாம், கட்டடம் மாற்றும்போது பழைய பேரேடுகளை எடைக்குப் போட்டார்கள். பல வருடமாக எவரும் தொடாதவை, கறையான் பிடித்தவை. நானும் கட்டுக்கட்டித் தூக்கிக் கொடுத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒரு பெரியவர் வந்தார். பங்காளித் தகராறு. அவருடைய அப்பா பெயரில் நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பதிவு வேண்டும். ஒரே ஒரு வரி. "நல்லாத் தேடிப் பாருங்க சார்" என்று மூன்று முறை வந்தார். இல்லை என்று எழுதிக் கொடுத்தோம். நாலாவது முறை அவர் வரவில்லை. அந்தக் கட்டைத் தூக்கிய கை இந்தக் கைதான் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முறையாக எழுதுகிறேன்.

அதனால்தான் ஹைதராபாத்தில் உட்கார்ந்து எண் எழுதியவர்களை நினைத்தால் மனசு ஆறுகிறது. யாருக்கு உதவும் என்று தெரியாமலே சரியாக எழுதினார்கள். வேறு யாரோ அதை எடைக்குப் போடாமல் வைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்ததால்தான் காரியம் நடந்தது. கொடைக்கானலில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களையும் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்பது சந்தோஷமான செய்தி.

நாலு நாள் கழித்துப் பையனைக் கூப்பிட்டு, சந்தேகப்பட்டதற்கு வருத்தம் சொன்னேன். "அந்தத் தொண்ணூறு படத்தையும் என்னப்பா செஞ்சே?" என்று கேட்டேன்.

"ஒண்ணாச் சேத்தாச்சுல்ல தாத்தா. இடம் அடைக்குதுன்னு அழிக்கலாம்னு இருக்கேன்."

"அழிக்காதே தம்பி. தேதி, நேரம், எந்தக் கம்மாய்க்கரை, எத்தனை நிமிஷம், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வை."

சிரித்தான். மறுநாள் சாயங்காலம் ஒரு நீளமான நோட்டை வாங்கிக்கொண்டு வந்தான். எப்படிக் கட்டம் போடுவது என்று கேட்டான். ஸ்கேலை எடுத்து நானே போட்டுக் கொடுத்தேன். வரிசை எண், தேதி, நேரம், இடம், பொருள், குறிப்பு. முதல் வரியில் அவன் கையெழுத்தில் கார்த்திகை என்று இருக்கிறது.